கொத்தி வரும் வழி

அக்காவின் சேலைக் கொசுவத்தை உசாந்தினி மூன்றாவது தடவையாக மடித்துச் செருகினாள். பிள்ளை பெற்ற வயிறு இன்னும் வற்றவில்லை, மடிப்பு நிற்கவில்லை. கடைசியில் சேலைப் பின் ஒன்றைக் குத்தினாள்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் அக்கா தர்மிகாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. பிள்ளையை அவள் கையில் கொடுக்க முதலே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளை இப்போது உள்ளறையில் தூங்குகிறது. தாய் கூடத்தில், பெட்டிக்குள்.

பெரிய மாமி ஒரு பேணி நிறையக் கடுகோடு வந்தாள்.

"பெட்டி வெளிக்கிட்ட கையோட வாசல் படலையில இருந்து சந்தி மட்டுக்கும் எறியணும். பிள்ளப்பேத்தில செத்தவள் கொத்தியா வந்து புள்ளையத் தூக்கப் பாப்பாள். கடுகு கிடந்தா அவளுக்குத் தாண்ட ஏலா."

"அக்கா கொத்தி இல்ல மாமி."

"ஆரும் விரும்பி ஆகிறல்ல புள்ள. வயித்துப் புள்ளக்காரிய இருத்தி வெச்சு அந்தக் கொத்திப் படத்தக் கீறினியே. அப்பவே சொன்னன்."

உசாந்தினி அக்காவின் கொசுவத்தை நீவிவிட்டாள்.

ஏழு மாத வயிற்றோடு பின்னறையில் கதிரை போட்டு, நாலு நாள் தர்மிகா அந்தப் படத்துக்காக இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிகளைக் கொல்பவள் என்று ஊர் பயந்த கொத்திக்கு உசாந்தினி கோரைப்பல் வைக்கவில்லை. பிள்ளையைத் தொட்டுப் பார்க்காமலே செத்துப்போன ஒருத்தியாக, இரண்டு கைகளையும் நீட்டியபடி வரைந்தாள். "கையையாவது வடிவாக் கீறடி" என்று அக்கா சிரித்தாள். மட்டக்களப்பில் கண்காட்சிக்கு வைத்தபோது ஊரில் நாலு பேர் போய்ப் பார்த்தார்கள். அம்மா போகவில்லை. அதன்பிறகு அந்தப் பின்னறைக்குள்ளும் அவள் வரவில்லை.

நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். மாமி பேணியை அம்மாவின் கையில் வைத்தாள்.

"பெத்தவள்தான் எறியணும்."

அம்மா வாங்கினாள். பெட்டிக்குப் பின்னால், கோழிக்குத் தீன் போடுவதுபோல, சந்தி வரைக்கும் எறிந்துகொண்டே போனாள். அழவில்லை. பேணி முடிந்ததும் கவிழ்த்துத் தட்டினாள். ஆண்கள் மயானத்துக்கு நடக்க, பெண்கள் திரும்பினார்கள். உசாந்தினி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெண்கள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த நேரம் அவள் ஈர்க்குமாற்றை எடுத்துக்கொண்டு படலையடிக்கு வந்தாள். கடுகு கடற்கரை மணலுக்குள் இறங்கியிருந்தது. மணலோடு சேர்த்துக் கூட்டி வேலியோரம் தள்ளினாள். பத்தடி போயிருப்பாள்.

"உசா."

அம்மா நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உசாந்தினி ஈர்க்குமாற்றைக் கீழே விடவில்லை.

அம்மா கூட்டிய இடத்தைப் பார்த்தாள். பிறகு வீதியைப் பார்த்தாள்.

"சந்தியிலதான் கனக்கக் கொட்டினன்" என்றாள். "இருட்ட முதல் அங்க கூட்டு."

"ஓம்."

அம்மாவே முன்னால் நடந்தாள். சந்தியில் குந்தியிருந்து இரண்டு கைகளாலும் கடுகோடு மணலை வழிக்கத் தொடங்கினாள். கடற்கரைப் பக்கமிருந்து வந்த சைக்கிள் ஒன்று மணியடித்து, அவளைச் சுற்றி விலகிப் போனது.