கூண்டைக் கழற்றிய மறுநாள்

கோழிக் கொட்டகையிலிருந்த கம்பிக் கூண்டுகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, தரையில் உமியும் மணலும் பரப்பியிருந்தார்கள் கணவனும் மனைவியும். அடுக்குமாடி வீட்டிலேயே வளர்ந்தவர்கள். கொட்டகையைக் கூண்டோடு வாங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. இறக்கையைக்கூட விரிக்க முடியாத அந்த நெருக்கடியை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பக்கத்திலேயே கூண்டுப் பண்ணை வைத்திருந்த அவளுடைய அண்ணன் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை.

முதல் நாள் கோழிகள் கூண்டு இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. மறுநாள் காலை கணவன் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"சீக்கிரம் வா. ஒண்ணு விழுந்து கிடக்குது. காலை உதறுது, கண்ணு சொருகுது."

மணலில் ஒருக்களித்துக் கிடந்த கோழி இறக்கையை அடித்துத் துடித்தது. இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று சரிந்தது. பிறகு வரிசையாக மூன்று.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அண்ணன் தலையில் கைவைத்தான். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டியா? ஏதோ தொத்து வந்துருச்சு. மாப்ளே, டாக்டரைக் கூப்பிடுங்க."

கால்நடை மருத்துவரம்மா பையும் கையுமாக வந்தார். குனிந்து பார்த்தவர், பையைத் திறக்காமலே கீழே வைத்தார்.

"பிழைக்குமா டாக்டர்?" என்றான் கணவன்.

"குளிச்சு முடிச்சதும் எழுந்திரிக்கும்."

"குளிக்குதா?"

"மண்ணுல புரண்டு இறகைச் சுத்தம் பண்ணுது. கூண்டுல மண்ணுக்கு எங்க போகும்? அதான் இன்னைக்கு ஆசை தீரக் குளிக்குது."

அந்தக் கோழி எழுந்து, அண்ணனின் வெள்ளைச் சட்டை முழுக்கப் புழுதி பறக்க ஓர் உதறு உதறிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் நடந்துபோனது. தங்கை சிரித்துச் சிரித்து உமியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அதுக்காக அசந்துடாதீங்க," என்றார் மருத்துவர். "தரையில விட்டா ஒண்ணையொண்ணு கொத்தும், குடல்புழு வரும், கண்ட இடத்துல முட்டை போடும். நாலு கண்ணு வேணும்."

"ஆறு இருக்கு டாக்டர். எங்க அண்ணனும் பாத்துக்குவான்."

அண்ணன் காதில் அது விழவில்லை. குத்துக்காலிட்டு அடுத்த கோழியின் குளியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருத்துவர் கிளம்பிய பிறகும் எழவில்லை.

"மாப்ளே, என் பண்ணையில ஒரு வரிசையை மட்டும் கழட்டிப் பார்ப்பமா? சரிப்படலேன்னா திரும்ப மாட்டிக்கலாம்."

"ஸ்பானர் என்கிட்ட இருக்கு மச்சான்."

அந்த வாரமே கழற்றினார்கள். ஒரே ஒரு வரிசைக்கு முழுப் பகலும் போயிற்று. ஒவ்வொரு கோழியையும் தன் கையாலேயே தரையில் இறக்கிவிடுவேன் என்று அண்ணன் அடம்பிடித்ததுதான் காரணம். "மெதுவா மாப்ளே, மெதுவா. அது பயப்படுது."