வயிற்றுக் கிருமிகளுக்குப் படையல்

எங்கள் நைனாவுக்கு இடது கண்ணில் புரை. வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. நகரியில் வரதராஜன் ஷெட்டில் அவர் விசைத்தறி ஓட்டுகிறார். பாவில் ஓர் இழை அறுந்தால் அந்த நிமிஷமே பார்த்து முடிச்சுப் போட வேண்டும். விட்டால் லுங்கி முழுக்கக் கோடு விழும். விழ ஆரம்பித்திருந்தது.

"ஆடி முடியறதுக்குள்ள கண்ணைச் சரி பண்ணிக்கினு வா நாகபூஷணம். இல்லாட்டி வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் என்னைக் கேக்காத" என்று வரதராஜன் சொல்லிவிட்டார்.

திருப்பதி ஆஸ்பத்திரியிலோ, சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று மாத்திரை எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் அமெரிக்கா நுழைந்தது. நியூஜெர்சியிலிருந்து அகிலா அக்கா வீடியோ காலில் வந்தாள்.

"வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்குது நைனா. எல்லாமே கெட்டது இல்ல. பெர்ரிப் பழத்துல ஊதாக் கலர்ல ஒரு சத்து இருக்குது. அது நமக்கு அவ்வளவா ஜீரணம் ஆவாது, நேரா பெருங்குடலுக்குப் போயிடும். அங்க நல்ல கிருமிங்க அதைத் துன்னு பெருகும். அதுங்க நல்லா இருந்தா சர்க்கரையும் கட்டுல இருக்கும்னு ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்காங்க."

நைனா யோசித்தார். "அப்போ நான் துன்றது எனக்கு இல்ல."

"கிருமிக்கு."

"உங்க ரெண்டு பேருக்கும் உங்கம்மாவுக்கும் போட்ட சோறு போதாதா? இதுங்களுக்கும் நானே போடணுமா?"

கேலி பேசினாலும் கண்ணுக்காக அவர் எதையும் செய்யத் தயாராக இருந்தார். யாரோ ஊருக்கு வருகிறவர்களிடம் அக்கா ப்ளூபெர்ரி கொடுத்தனுப்பினாள். உலர்த்திய பழம், சர்க்கரை சேர்க்காதது. அதை அவள் போனில் திரும்பத் திரும்பச் சொன்னாள். கொஞ்சம் புளிக்கும் என்றும் சொன்னாள். எங்கள் அம்மா கமலம்மாவின் காதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்திருக்கிறது.

நான் சென்னையில் கால் சென்டர் ராத்திரி ஷிப்டை விட்டுவிட்டு வந்தவன். வேலையை விட்டேன், தூக்கம் திரும்பி வரவில்லை. விடிந்த பிறகுதான் கண் மூடும். மத்தியானம் எழுந்து நைனாவைப் பார்த்தால் நாக்கு நீலமாக இருக்கும். சரி, ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஆடிக் கிருத்திகை முடிந்ததும் திருப்பதிக்குப் போனோம். டாக்டர் பிரேமலதா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சுகர் தக்கலேது. பெரிகிந்தி" என்றார். இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. "இனிப்பு ஏதாவது சாப்பிடுகிறாரா?"

"இல்ல மேடம். பெர்ரிதான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

நைனா பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பிரசாதம் மேடம். தீஸ்கோண்டி" என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

டாக்டர் மூடியைத் திறந்தார். பஞ்சாமிர்தம். வெல்லம், வாழைப்பழம், தேன், நெய். பேரீச்சம்பழம் இருக்க வேண்டிய இடத்தில் நியூஜெர்சி ப்ளூபெர்ரி. எல்லாம் ஊதா நிறத்தில் பளபளத்தது.

டாக்டர் மூடியை மெதுவாக மூடினார். ஆவணிக் கடைசியில் பார்க்கலாம் என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா அசரவில்லை.

"புதுப் பழம் வந்தா முருகனுக்கு வெக்காம இந்த வீட்டுல யாருடா துன்னுருக்காங்க? புளிக்கும்னு அவளே சொன்னா. புளிப்பைக் கொண்டுபோய் சாமி முன்னால வெப்பியா?"

"அதுக்கு தினமுமா பஞ்சாமிர்தம்?"

"கிருமி தினமும் துன்னாதா?"

அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். கடைசியில் இரண்டு கிண்ணம் என்று முடிவானது. முருகனுக்கு வெல்லம் போட்டது, நைனாவுக்கு வெறும் பழம். முதல் நாளே நைனா தன்னுடையதைத் தின்றுவிட்டு முருகனுடையதையும் தின்றார். பிரசாதத்தை வீணாக்கக் கூடாதாம். மறுநாளிலிருந்து தூங்காமல் உட்கார்ந்து, கற்பூரம் அணைந்ததும் சாமி கிண்ணத்தை நானே காலி செய்தேன். எனக்குப் பஞ்சாமிர்தமே ஆகாது.

"நீ துன்றது பிரசாதம். நான் துன்றது மருந்து" என்று நைனா முகத்தைச் சுளித்தார்.

அதற்குள் ஆடி முடிந்துவிட்டது. நைனா என்னை இழுத்துக்கொண்டு வரதராஜனிடம் போனார்.

"கண்ணு ஆவற வரைக்கும் இவன் இருப்பான். நான் சொல்றேன், இவன் முடிச்சுப் போடட்டும். நல்ல கண்ணு. வருஷக்கணக்கா கம்ப்யூட்டர் பாத்துக்கினு இருந்தது."

வரதராஜன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆள் ரெண்டுன்னாலும் சம்பளம் ஒண்ணுதான்."

அப்படித்தான் நான் தறி ஷெட்டுக்குப் போனேன். காது அடைக்கும் சத்தம். நைனா தறியை ஓட்டுவார், நான் பாவு இழைகளையே வெறித்துக்கொண்டு நிற்பேன், அறுந்தால் முடிச்சுப் போடுவேன். முதல் வாரம் திட்டு வாங்கினேன். பிறகு கை பழகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கட்டைபோலத் தூங்கினேன்.

ஆவணிக் கடைசியில் டாக்டர் பிரேமலதா ரத்தத் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். சர்க்கரை இறங்கியிருந்தது. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். நல்ல கிருமி வேலை செய்கிறது என்றாள் அக்கா. முருகன் கண்ணைத் திறந்துவிட்டான் என்றாள் அம்மா. வெல்லத்தை நிறுத்தினீர்கள், மாத்திரை வேலை செய்கிறது, பெர்ரி நல்லதுதான், ஆனால் அதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர்.

"யாராயிருந்தா இன்னா, தேதி கெடச்சுதே" என்றார் நைனா. பஸ்ஸில் நகரி வரைக்கும் சிரித்த முகமாகவே வந்தார்.

நேராக ஷெட்டுக்குப் போய் வரதராஜனிடம் சொன்னார். வரதராஜன் மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நல்லது. பொறுமையா பண்ணிக்கோ. கண்ணு ஆனப்புறமும் வீட்டுல ரெஸ்ட் எடு. உன் பையன் வந்ததுலேருந்து ஒரு கோடு விழல. தறியை அவனே ஓட்டட்டும்."

நைனா ஷெட்டை விட்டு இறங்கினார். வீடு வரும்வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வாசலில் செருப்பை உதறிவிட்டுத் திரும்பினார்.

"நீ ஏன்டா அவ்ளோ நல்லா முடிச்சுப் போட்ட?"

"நீதானே நைனா சொல்லிக்குடுத்த? எனக்கு அந்தத் தறியே வேணாம். நாளைலேருந்து நான் போவல."

"போவாம? ஆபரேஷன் ஆவற வரைக்கும் என் தறியை யாருடா பாப்பாங்க?"

"அப்போ இன்னாதான் பண்ணணும்ன்ற?"

நைனா உள்ளே எட்டிப்பார்த்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். குரலைத் தாழ்த்தினார்.

"போ. கொஞ்சம் சுமாரா முடிச்சுப் போடு."