வடகரைக் கண்ணாத்தாள்

என் மகள் தமிழ்நிலாவுக்கு இரண்டேமுக்கால் வயது. பிறந்ததிலிருந்து அவள் தலையில் கத்திரி பட்டதில்லை. தோளைத் தாண்டித் தொங்கும் முடியோடு ஒரு சின்னக் குழந்தையை வெயில் காலத்தில் குளிப்பாட்டி, சிக்கெடுத்து, உலர்த்தி, இரண்டு குடுமி போட்டு, மதியத்துக்குள் அது வியர்வையில் ஊறிப்போய் மறுபடி அவிழ்த்து உலர்த்திப் பார்த்தவர்களுக்குத்தான் என் கோபம் புரியும். தலையெல்லாம் வேனல் கட்டி. தூக்கத்தில் பிடறியைச் சொறிந்து ரத்தமாக்கிக்கொள்கிறாள்.

முதல் முடி குலதெய்வத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டார் என் மாமியார் பிரகதாம்பாள். அதில் எனக்குச் சண்டை ஒன்றுமில்லை. குலதெய்வம் எதுவென்று இவர்களுக்குத் தெரியாது என்பதுதான் சண்டை. என் கணவர் ராஜராஜனுக்கு ஏதோ ஒரு பெரிய கோயிலில் மொட்டை போட்டார்களாம். கல்யாணமாகிப் பத்து வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று ஒரு ஜோசியர் கொளுத்திப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து மாமியார் பிடித்த பிடியை விடவில்லை.

மாமனார் பஞ்சநதத்தைக் கேட்டால், "எங்கப்பாவோட போச்சு, எனக்கு எதுவும் ஞாபகமில்ல" என்பார். இருபது வயதில் ஓலைக்குடியை விட்டுப் போய், சென்னையில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் நிலமும் இல்லை, வீடும் இல்லை. அவருடைய அக்கா சாவதற்கு முன்பு சொன்ன ஒரே ஒரு வாக்கியம்தான் எங்களிடம் இருந்தது: "ஏரித் தண்ணி வத்தினாத்தான் நம்ம சாமியக் கும்பிட முடியும்."

ஆகவே மே மாதக் கடைசியில், பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு, ஓலைக்குடி ஏரிக்கரையில் வந்து இறங்கினோம். துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் தன் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறார். வாசலில் 'லேக் வியூ' என்று போர்டு. பால்கனியில் நின்று பார்த்தால் வெடித்த களிமண்ணும், அதில் மேய்கிற எருமைகளும், நடுவில் தட்டளவு தண்ணீரும், அதைச் சுற்றி நூறு நாரைகளும் தெரிந்தன. மேட்டூரில் தண்ணீர் விட்டு, அது வந்து சேர்ந்தால்தான் ஏரி. அதுவரை இது மைதானம்.

தினமும் காலை ஐந்தரைக்கு ஏரிக்குள் இறங்கினோம். நிலாவை நான் இடுப்பில் சுமக்க, கணவர் குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துவர, மாமியார் மஞ்சள், குங்குமம், கற்பூரம் கொண்ட பையோடு ஒவ்வொரு கல்லாக உற்றுப் பார்த்துக்கொண்டு வருவார். மாமனார்தான் முன்னால் நடந்து வழி காட்டினார். யாரைக் கேட்பதானாலும் "இருங்க, நான் விசாரிச்சிட்டு வரேன்" என்று அவரே தனியாகப் போய்க் கேட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். தென்கரை, கீழ்கரை, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கல் என்று மூன்று நாள் அலைந்தோம். ஒன்பது மணிக்கு மேல் நிற்க முடியாது. அதன்பிறகு நாள் முழுக்க அந்த மாடியில் அடைந்து கிடக்க வேண்டும். உட்கார்ந்தால் வேகும், படுத்தாலும் வேகும். கரண்ட் வேறு போய்ப் போய் வரும். நான் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். வேடிக்கை என்னவென்றால், கீழே தோட்டத்தில் மாமனாரும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்.

நான்காம் நாள் சாமி கிடைத்துவிட்டது. தெற்குப் பக்கம் சேற்றில் இடுப்புயரக் கல் ஒன்று, நேராக நின்றது. அதில் ஏதோ கோடுகள் வேறு செதுக்கியிருந்தன. மாமியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்லைக் கழுவி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தன் பழைய பட்டுப்புடவையையே கிழித்துச் சுற்றிவிட்டார். மாமனார் கைகூப்பி நின்றார். ஊரிலிருந்து நாவிதரை வரவழைத்தோம். அவர் கத்தியை டெட்டாலில் துடைத்துக்கொண்டிருந்தபோது, கரைமேலிருந்து ஒரு மொபெட் தடதடவென்று இறங்கி வந்தது. ரெங்கசாமி என்கிற லஸ்கர். மதகு திறந்து மூடுகிற அரசாங்க ஊழியர்.

"யாருங்க அது? தண்ணி அளக்குற கல்லுக்குப் புடவை கட்டினது?"

அந்தக் கோடுகள் அடிக்கணக்கு. ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்க்கப் பொதுப்பணித்துறை நட்ட கல். நாவிதர் சிரிப்பை அடக்க மாட்டாமல் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு ஒருபக்கம் சிரிப்பு, இன்னொரு பக்கம் அழுகை. ஐந்து நிமிஷம் கழித்து அந்த மனிதர் வந்திருக்கக் கூடாதா, என் பிள்ளையின் தலை விடுதலை ஆகியிருக்குமே என்றுதான் நினைத்தேன். மாமனார் முகத்தில் மட்டும் வெட்கமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. ரயிலைத் தவறவிட்டவர் மாதிரி லேசாகச் சலித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் நிலாவின் தலையில் ஒரு கட்டி உடைந்து சீழ் வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோ பிடித்தேன். திருப்பனந்தாள் சாலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. அங்கே நீலாம்பாள் என்று பெயர்ப்பட்டை குத்திய ஒரு நர்ஸ், ஐம்பது வயதிருக்கும், நிலாவை மேஜைமேல் உட்காரவைத்து முடியை வகிர்ந்து பார்த்தார்.

"இத்தனை முடிய வெச்சுக்கிட்டு மருந்து போட்டா எப்பிடிம்மா நிக்கும்? முதல்ல மொட்டையப் போடுங்க."

"போடலாம் சிஸ்டர். சாமி கிடைக்கணுமே" என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அளவுக்கல் கதைக்கு அவரும் சிரித்தார். மருந்து தடவிக்கொண்டே, "யாரு வீடு நீங்க?" என்று கேட்டார்.

"பஞ்சநதம்னு, என் மாமனார். அந்தக் காலத்துல இங்க பெரிய பண்ணையா இருந்தாங்களாம்."

பஞ்சு வைத்திருந்த அவர் கை நின்றது. பிறகு மருந்து டப்பாவை நிதானமாக மூடினார்.

"உங்க மாமனாருக்குத் தெரியுமேம்மா அந்தச் சாமிய."

நான் விழித்தேன்.

"வடகரையில, பழைய மதகுக்கு உள்பக்கம் இருக்குறா. கண்ணாத்தாள்னு பேரு. தண்ணி வத்தினா வைகாசி வெள்ளிக்கிழமையில வெளிய வருவா. அவ எங்க வீட்டுப் பொண்ணு. உங்க வீட்டுக்குச் சாமி. உங்க பண்ணையில ஏர் ஓட்டுனவங்க நாங்க. எங்கப்பா சாவுறவரைக்கும், இந்த வருஷமாச்சும் உங்க வீட்டுலேருந்து வருவாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தாரு."

"அப்ப ஏன் சிஸ்டர் இவரு வரல?"

"அங்க முடியெடுக்க ஒரு முறை இருக்கு. உங்க வீட்டுல மூத்த ஆம்பளை எங்க ஆளுங்க முன்னாடி நின்னு, அவளுக்கு நீங்க என்ன செஞ்சீங்கன்னு வாய்விட்டுச் சொல்லணும். சொல்லி முடிச்சாத்தான் கத்திய எடுக்கலாம்."

"என்ன செஞ்சாங்க?"

"அத நான் சொன்னா ஆச்சா? அவரு வாயால கேட்டுக்குங்க. நாளைன்னிக்கு வெள்ளிக்கிழமை. நாங்க வருஷா வருஷம் போறதுதான்."

ஆட்டோவில் திரும்பி வரும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வடகரை! இந்த நான்கு நாளில் நாங்கள் கால் வைக்காத ஒரே இடம்.

மாமனார் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தார். பிள்ளையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நேரே அவர்முன் போய் நின்றேன்.

"மாமா, கண்ணாத்தாள் யாரு?"

அவர் நடை நின்றது. மாடியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.

"தெரிஞ்சுக்கிட்டே அளவுக்கல்லக் கும்பிட்டீங்களே மாமா. கைகூப்பிக்கிட்டு நின்னீங்களே. அத்தை புடவையக் கிழிச்சுக் கட்டினப்ப உங்களுக்கு வாய் வரலையா? இவ தலையில சீழ் கட்டியிருக்கு. நீங்க வாயத் திறக்காததுக்கு இவ ஏன் தலையில சுமக்கணும்?"

மருமகள் மாமனாரிடம் பேசுகிற பேச்சா இது என்று என் அம்மாவாக இருந்தால் அறைந்திருப்பாள். எனக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை.

அவர் நிலத்தைப் பார்த்தபடி பேசினார். "எனக்குப் பத்து வயசு. எங்கப்பா அங்க நின்னு சொன்னாரு. சொல்லிட்டு அழுதாரும்மா. நம்ம பண்ணையில வேல செஞ்ச ஆளு, நம்ம வாசல்ல செருப்புப் போடாத ஆளு, அவன் முன்னாடி எங்கப்பா துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு அழுதாரு. அவன் தோளத் தட்டிக் குடுத்தான். எனக்கு அது தாங்கல. என் புள்ள முன்னாடி நான் அப்பிடி நிக்கமாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அதுக்காகத்தான் ஊர விட்டே போனேன்."

"அழுதது தாங்கலையா, எதுக்கு அழுதாருங்கறது தாங்கலையா மாமா?"

அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். என் கணவர் படியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அன்றுதான் எல்லாம் தெரியும். "அப்பா, நாளைக்குக் கும்பகோணத்துல ஒரு சலூன்ல எடுத்துட்டுப் போயிடலாம். ஒங்களுக்குக் கஷ்டம் வேணாம்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் மாமியார் மேலேயிருந்து, "நாப்பது வருஷமா எங்கிட்டயும் மறைச்சிருக்கீங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் முழுக்க வெளியே வரவில்லை. மாமனாருக்குக் காபிகூடக் கிடைக்கவில்லை. நானும் போட்டுக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் பெட்டி கட்டினேன். சலூன் என்றால் சலூன். நிலாவைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினால், மாமனார் குளித்து, வேட்டி கட்டி, சட்டை போடாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். துண்டு இடுப்பில் இருந்தது.

"வடகரைக்குப் போகலாம்மா" என்றார். மாமியாரும் பூஜைப் பையோடு பின்னால் இறங்கி வந்தார்.

பழைய மதகின் உட்புறம், இன்னும் ஈரம் காயாத மண்ணில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். உருவம் எதுவும் இல்லை. நீலாம்பாளும் அவருடைய அண்ணன் தமிழ்மாறனும், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்மாறன் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராம். எங்களைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. வழியில் நாங்கள் கூட்டிக்கொண்டு போயிருந்த நாவிதரைப் பார்த்து நீலாம்பாள், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

மாமனார் கல்லுக்கு முன்னால் போனார். "முன்னோருங்க காலத்துல ஏதோ தெரியாம..." என்று ஆரம்பித்தார்.

"முழுசாச் சொல்லுங்க" என்றார் தமிழ்மாறன். குரல் உயரவில்லை.

மாமனார் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கிளம்பிவிடுவார் என்றே நினைத்தேன். என் கணவர் போய் அப்பாவின் பக்கத்தில் நின்றார். தொடவில்லை, வெறுமனே நின்றார்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன்" என்றார் மாமனார். இந்த முறை சத்தமாகச் சொன்னார். "ஐப்பசி வெள்ளத்துல இந்தக் கரை ஒடைஞ்சுது. மண்ணு போடப் போட அறுத்துக்கிட்டுப் போச்சு. எங்க வயலுக்குத் தண்ணி வந்துரும்னு பயந்தாங்க. பலி குடுத்தா நிக்கும்னு ஒருத்தன் சொன்னான். எங்க வீட்டுலயும் புள்ளைங்க இருந்துச்சு. எங்க புள்ளைங்களக் குடுக்கல. பண்ணையில நாத்து நட்டுக்கிட்டிருந்தவகிட்டப் போயி, புள்ளைக்குக் கஞ்சி குடுக்கறோம்னு சொல்லி வாங்கினாங்க. அவளும் நம்பிக் குடுத்தா. நடக்கப் பழகின புள்ள. உசுரோட வெச்சு மண்ணத் தள்ளி மூடினது எங்க பாட்டன். எங்க ஆளு. நாங்கதான்."

அவர் அழவில்லை. நீலாம்பாள் பக்கத்திலிருந்த ஒரு கிழவி மட்டும் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தமிழ்மாறன் நாவிதரைப் பார்த்துத் தலையசைத்தார். மாமியார் கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டவர், வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

நீலாம்பாள் கல்லுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டு என்னை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார்.

"புள்ளையக் குடுங்க. எங்க வீட்டு மடியில வெச்சுத்தான் எடுக்கணும். அதான் முறை."

இரண்டு நாள் முன்பு இதே கைகளில் என் மகளை யோசிக்காமல் கொடுத்தவள் நான். மருந்து போட்ட கை. முடியை எடுத்தால் போதும் என்று ஐந்து நாளாக எல்லோரிடமும் பாய்ந்தவளும் நான்தான். ஆனால் என் கை விடவில்லை. நிலாவின் இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு வலித்திருக்க வேண்டும், "அம்மா" என்று சிணுங்கினாள். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கை வரவில்லை. பயந்தேன். எதற்குப் பயந்தேன் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது.

நீலாம்பாள் நீட்டிய கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பயப்படாம குடுங்கம்மா" என்றார். "நாங்க திருப்பிக் குடுத்துருவோம்."