வேலிக்கு உள்ளே ஓர் இடம்

என் சகலை மெத்தை விற்கிறவர். நான் பல் செட் செய்கிறவன். எங்கள் இருவருக்கும் மாமனார் ஒருவரே என்பதைத் தவிர வேறு ஒட்டுறவு கிடையாது. அவர்மேல் எனக்கு வயிறு எரிவதற்கு அந்த ஓர் உறவே போதுமானதாக இருந்தது.

முதலிலிருந்தே எரிந்தது என்று சொன்னால் பாவம். என் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் எனக்கு நல்லதைத் தவிர எதுவும் செய்ததில்லை. முதுகு வலி என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னேன். மறுநாளே கடையிலிருந்து ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்துவிட்டார். இன்றைக்கும் அதில்தான் படுக்கிறேன். படுத்துக்கொண்டே அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டும் இருக்கிறேன்.

கார் ரேலி என்னுடைய விஷயம். ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் பாதையில் ஆண்டுக்கு நான்கு முறை நடக்கும். கார்கள் முண்டியடித்துக்கொண்டு ஒன்றாக ஓடாது. அரை நிமிடத்துக்கு ஒன்றாகக் கிளம்பி, கடிகாரத்தோடு போட்டி போடும். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் மடியில் தாளை வைத்துக்கொண்டு, அடுத்த வளைவு எப்படி என்று சொல்லிக்கொண்டே வருவார். மதியம் வரை ஒரு திசையில் ஓட்டம். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அதே பாதையில் எதிர்த் திசையில் ஓட்டம். காலையில் முகம் காட்டிய கார்கள் மதியம் அதே இடத்தில் முதுகு காட்டும். புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள்.

எட்டு ஆண்டுகளாக நான் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு ரேலி முடிந்ததும், பார்வையாளர்கள் ஆளுக்கு ஒரு படம் அனுப்பலாம். கிளப்காரர்கள் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த ரேலியின் நிகழ்ச்சிப் புத்தகத்துக்கு அட்டைப்படமாகப் போடுவார்கள். எடுத்தவருக்கு ஓர் ஆரஞ்சு நிற மேல்சட்டை கிடைக்கும். அதைப் போட்டுக்கொண்டால் ஒரு நாள் முழுக்கக் கம்பி வேலிக்கு உள்ளே, பத்திரிகைக்காரர்களோடு நின்று படம் எடுக்கலாம். கண்ணுக்கும் காருக்கும் நடுவே கம்பி இல்லாமல் ஒரு தடவையாவது நிற்க வேண்டும். கடவுள் எனக்குப் பல ஆசைகளைக் கேட்காமலே கொடுத்திருக்கிறார். இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

போன கோடையில் சகலை சும்மா வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று என்னோடு வந்தார். கையில் இருந்தது செல்போன்தான். ஒரு சிவப்புக் கார் பாதை ஓரத்துத் திட்டில் ஏறி நான்கு சக்கரமும் தரையை விட்டுக் கிளம்பிய நொடியில், ஐஸ்கிரீமை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஒரு படம் எடுத்தார். ஒரே ஒரு படம். என் மனைவி அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டினாள். என்னுடைய எட்டு வருஷப் படங்கள் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன, அவர் கொடுத்த மெத்தைக்குக் கீழே.

அடுத்த மாதமே அவர் கேமரா வாங்கினார். லென்ஸ் என் முழங்கை நீளம். என்னுடையதைப் பக்கத்தில் வைத்தால் அதன் குட்டி மாதிரி இருந்தது. எப்படிப் பிடிப்பது, எந்த வேகத்தில் வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, கடைப் பையன் எழுதும் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். சொல்லும்போது ஒவ்வொரு பல்லாகப் பிடுங்கிக் கொடுப்பது போல் இருந்தது.

இலையுதிர்கால ரேலிக்கு நான்கு பேரும் போனோம். எட்டு ஆண்டில் ஒருநாள்கூட வராத என் மனைவி, தங்கை வருகிறாள் என்றதும் குடையும் தண்ணீர்ப் புட்டியுமாக முதலில் கிளம்பி நின்றாள். அதிலேயே எனக்குப் பாதி முகம் தொங்கிவிட்டது.

இடைவேளையில் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சகலை கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சகலை, மதியத்துக்கு எங்க நின்னா நல்லா இருக்கும்? நீங்க சொல்ற இடத்துல போய் நின்னுடறேன்."

எனக்குத் தெரிந்த நல்ல இடம் ஒன்றுதான். ஏழாவது வளைவில், வேலியின் இரும்புத் தூண் இரண்டு நெருங்கி நிற்கும் சந்து. மூன்றரை மணிக்கு வெயில் சாய்வாக விழுந்து, காருக்குள் இருக்கிறவரின் கண்வரை காட்டும். அங்கே இரண்டு பேர் நிற்கத் தாராளமாக இடம் உண்டு.

"அந்தக் கோடியில ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கு பாருங்க. அங்க போங்க. காரெல்லாம் நேரா உங்க மூஞ்சிக்கு வரும்" என்றேன்.

காலையில் அது உண்மை. மதியத்துக்குப் பிறகு அது பொய். கார்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போகும். வெயில் நேராகக் கண்ணில் குத்தும். உண்மையான வாக்கியத்தை நேரம் கடந்த பிறகு எடுத்துக் கொடுத்தேன். அதனால் அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான் அன்றைக்கு நான் செய்த இரண்டாவது தப்பு.

அவர் நன்றி சொல்லிவிட்டு லென்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பெண்கள் இருவரும் அவரோடு போனார்கள். "இவரு பக்கத்துல நின்னா ஒரு வார்த்தை பேச மாட்டாரு, அங்க போனா பேச்சுத்துணையாவது இருக்கும்" என்று மனைவி சொல்லிவிட்டுப் போனது என் காதில் விழுந்தது. அந்த வெயிலில் அவளையும் சேர்த்துத்தான் அனுப்புகிறேன் என்று அந்த நிமிஷம் உறைத்தது. கூப்பிடாமல் ஏழாவது வளைவுக்கு நடந்தேன்.

அன்று மதியம் நான் எடுத்ததுபோல் ஒரு படம் அதற்குமுன் எடுத்ததில்லை. நீலக் கார். சக்கரக் கம்பிகள் கரைந்து வட்டமாகச் சுழல, ஓட்டுகிறவரின் கண் ஊசி முனையாகத் தெளிந்திருந்தது. பக்கத்தில் இருப்பவரின் விரல் தாளில் எந்த வரியில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்தது. எப்போதும் கொண்டுபோகும் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நின்றுகொண்டு, இந்தத் தடவை சட்டை எனக்குத்தான் என்று நினைத்தேன்.

மாலையில் மூவரும் சிவந்த முகத்தோடு திரும்பினார்கள். கொழுந்தியாளுக்குத் தலைவலி வந்துவிட்டது. படம் எப்படி வந்தது என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். கார் எதுவும் சரியா வரல, ஏதோ ஒண்ணு ரெண்டு தேறும் என்று சகலை சிரித்துக்கொண்டே சொன்னார். காரை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேரும்வரை எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்தக் குளுமையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இரண்டு வாரம் கழித்து, பல் செட்டுக்கு மெழுகு உருக்கிக்கொண்டிருந்தபோது கிளப்பிலிருந்து எல்லோருக்கும் செய்தி வந்தது. அட்டைப்படத்தைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. கீழே இருந்தது சகலையின் பெயர்.

படத்தைத் திறந்தேன். முன்னால் ஒரு கார் வெறும் நீலக் கோடாகப் போகிறது. அதற்குப் பின்னால் வேலி. வேலிக்குப் பின்னால் கூட்டம், எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது. நடுவில் ஒருவன் மட்டும் வாளிமேல் நிற்கிறான். கண்ணில் கேமரா. வாயோரத்தில் நாக்கு நுனி துருத்திக்கொண்டிருக்கிறது. சுற்றி இருக்கிற சத்தம் எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை என்று பார்த்தாலே தெரிகிறது.

அது நான்.

முதலில் எனக்கு வெட்கம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். இப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்பியும் இந்த ஆளுக்குக் கிடைத்துவிட்டதே என்றுதான் வந்தது. மெழுகு கருகிப் புகை வந்தபிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

என் மனைவிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. பல்லை ராவும்போது நான் நாக்கை இப்படித்தான் நீட்டுவேனாம். பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம், சொன்னால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லவில்லையாம்.

அந்த ஞாயிறு காலையில் சகலையும் கொழுந்தியாளும் வீட்டுக்கு வந்தார்கள். அவர் கையில் ஆரஞ்சுச் சட்டை பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. கொண்டை ஊசி வளைவில் வெயில் கண்ணைப் பிடுங்கியதாம். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி நின்றாராம். மைதானத்துக்குக் குறுக்கே, நல்ல வெளிச்சத்தில், நான் தெரிந்தேனாம்.

"மதியம் திசை மாத்துவாங்கன்னு உங்களுக்கே மறந்துபோச்சு போல. நல்லதாப் போச்சு. இத்தனை வருஷமா எல்லாரையும் எடுக்கறீங்க, உங்களை ஒருத்தர்கூட எடுத்ததில்லையே" என்றார். பிறகு உறையைப் பிரித்துச் சட்டையை என் தோளில் போர்த்தினார். "கிளப்ல கேட்டுட்டேன். வீட்ல யார் வேணா போட்டுக்கலாமாம். நீங்க போங்க சகலை. நான் வெளிய நின்னு பாக்கறேன்."

நான் கையை நுழைத்தேன். பொத்தான் போட்டேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. மனைவி ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்றாள். ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும். எட்டு ஆண்டு ஆசை உடம்பில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவருக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை.

"மறக்கல" என்றேன். "திசை மாத்துவாங்கன்னு தெரிஞ்சுதான் உங்களை அங்க அனுப்பினேன். உங்களுக்கு எதுவும் கிடைக்கக் கூடாதுன்னு."

கொழுந்தியாள் கையில் இருந்த தம்ளரை மேஜைமேல் வைத்தாள். சகலை சுவரில் மாட்டியிருந்த சிவப்புக் காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ கழட்டுங்க" என்றார்.

கழற்றினேன். கழற்றும்போது பொத்தான் ஒவ்வொன்றும் முரண்டு பிடித்தது. மடித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "இது என் இடம், நீங்க வேற பக்கம் பாத்துக்கங்கன்னு சொல்லியிருக்கலாமே. போயிருப்பேன். இவளுக்கு ரெண்டு நாள் தலைவலி."

மன்னிப்புக் கேட்டேன். கொழுந்தியாளிடம் தனியாகக் கேட்டேன். அவள் தம்ளரைக் கழுவ உள்ளே போனாள். என் மனைவியும் பின்னாலேயே போனாள்.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சகலை கேட்டார். "வேலிக்கு உள்ள போனா எங்க நிக்கணும்?"

நான் ஒரு தாள் எடுத்தேன். பாதையை வரைந்தேன். எட்டு ஆண்டுகளாக வெளியே நின்றபடி, உள்ளே போனால் இங்கேதான் நிற்க வேண்டும் என்று மனதுக்குள் அளந்து வைத்திருந்த இடம் ஒன்று உண்டு. பென்சில் அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. பக்கத்தில் புள்ளி வைத்தாலும் படம் வரும், சுமாராக வரும். கை கொஞ்சம் தயங்கியது. பிறகு சரியான இடத்தில் புள்ளி வைத்து, நேரத்தையும் எழுதினேன்.

"காலையிலயா, மதியமா?" என்று கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருந்தது.

"மதியம். திசை மாத்தினதுக்கு அப்புறம்" என்றேன். அதற்கு இடப்பக்கம் டயர் அடுக்கி வைத்திருப்பார்கள், பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும், ஆனால் சறுக்குகிற கார்கள் அங்கேதான் வந்து மோதும், அதன் பின்னால் மட்டும் நிற்காதீர்கள் என்றும் சொன்னேன். அதையும் தாளில் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

ரேலி நாள் காலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். சகலைக்கு நல்ல படம் கிடைக்க வேண்டும் என்று வேண்டத்தான் கை கூப்பினேன். எவ்வளவு முயன்றும் அந்த வாக்கியம் வெளியே வரவில்லை. அடிபடாமல் திரும்ப வேண்டும் என்று வேண்டினேன். அது மனதோடு வந்தது. மற்றதை அடுத்த ரேலிக்குள் கற்றுக் கொடு என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.