மைக் மூடிய வகுப்பு

வேலைதானே போச்சு, ஆள் போகவில்லையே என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களை நிறுத்தி வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். சின்ன காஞ்சிபுரத்தில் ஜெயப்ரியா கணக்கு மிஸ்ஸாக இருந்த பள்ளிக்கூடத்தை, பிள்ளைகள் குறைந்துபோனதாகச் சொல்லிப் போன வருஷம் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு சமைத்தாள், துவைத்தாள், கோயிலுக்குப் போய் வந்தாள். கத்திப் பழகின தொண்டையை வைத்துக்கொண்டு மனுஷி வீட்டுக்குள் என்னதான் செய்வாள்?

அந்தப் பள்ளிக்கூடம் தறி வீடுகளுக்கு நடுவில் இருந்தது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் வகுப்புக்குள்ளேயே கேட்கும். அதனால் மிஸ் உரக்கக் கேட்பாள், பிள்ளைகள் அதைவிட உரக்கச் சொல்வார்கள். "முக்கோணத்துக்கு மூணு..." என்று அவள் பாதியில் விட்டால் போதும், "பக்கம் மிஸ்ஸ்" என்று மொத்த வகுப்பும் முடித்துவைக்கும். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கைலாசம் தறியை நிறுத்திவிட்டு ஜன்னலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்துவிட்டார் என்று பயந்தாள். "டீச்சரம்மா, உங்க புண்ணியத்துல எனக்கே ஏழாம் வாய்ப்பாடு வந்துட்ச்சிமா" என்றார் அவர். இப்போது அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது.

கூட வேலை பார்த்த தபஸ்ஸும் டீச்சர்தான் ஒருநாள் வந்து பிடித்துக்கொண்டாள். "எவ்ளோ நாளைக்கு இப்டியே குந்திக்கினு இருப்ப? செல்லைக் குடு." வேலை தேடும் தளம் ஒன்றில் ஜெயப்ரியாவின் படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் அவளே ஏற்றிவிட்டாள். கூப்பிட்டார்கள், கூப்பிடாமல் இல்லை. ஒருவன் ராஜஸ்தானுக்கு வரச் சொன்னான். இன்னொருவன் இன்ஷூரன்ஸ் பிடித்துத் தரச் சொன்னான்.

கடைசியில் சென்னையிலிருந்து ஆன்லைன் ட்யூஷன் கம்பெனி ஒன்று ஒரே ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னது. பிடித்திருந்தால் வேலை. அவள் வீட்டுக்காரன் பாண்டியன் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் இருந்தான். "இதுவும் ஆவலைன்னா அண்ணி சொன்ன ஜவுளிக் கடையில சேந்துடுமா" என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் கிளம்பினான். புடவை பிரித்துக் காட்டுவது ஒன்றும் குறைச்சலான வேலை இல்லை. ஆனால் அங்கே போய்விட்டால் இனி யாரும் தன்னை மிஸ் என்று கூப்பிடப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

செல்லை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்தாள். மேற்பார்வை பார்க்கும் சரத்குமார் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "பசங்க மைக் எல்லாம் ஆஃப்லதான் இருக்கணும் மிஸ். இரைச்சல் வந்தா பேரன்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்றாங்க. நானும் கிளாஸ்ல இருந்து பாத்துக்கினு இருப்பேன்."

கட்டம் கட்டமாகப் பிஞ்சு முகங்கள் வந்தன. ஜெயப்ரியாவுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. "ஒரு வரிசையில எட்டு பூ. இந்த மாதிரி ஏழு வரிசை. அப்போ ஏழெட்டு..." என்று சொல்லிப் பாதியில் நிறுத்தினாள்.

ஒரு சத்தமும் இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. அவள் காத்துக்கொண்டு நின்றாள். "மிஸ், நிறுத்தாதீங்க. மேல போங்க" என்று சரத்குமாரிடமிருந்து செய்தி வந்தது. மேலே போகத்தான் பார்த்தாள். வாய் வரவில்லை. ஏழெட்டு எவ்வளவு என்று வகுப்பில் அவள் தன் வாயால் சொன்னதே கிடையாது. கேட்பது அவள் வேலை, சொல்வது பிள்ளைகள் வேலை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே என்று கண் கலங்கியது.

சரி, ஆனது ஆகட்டும். "எல்லாரும் மைக்கைத் தெறங்கப்பா" என்றாள். "மிஸ்ஸுக்குக் காது கேக்கலை. ஏழெட்டு?"

குபுக்கென்று சத்தம் வந்து விழுந்தது. எங்கேயோ குக்கர் விசிலடித்தது, யார் வீட்டிலோ நாய் குரைத்தது, அதற்கு நடுவே "அம்பத்தாறு மிஸ்ஸ்" என்று முன்னும் பின்னுமாகக் குரல்கள். எல்லாம் அடங்கின பிறகு, கனத்த ஆண்குரல் ஒன்று மட்டும் தனியாக வந்தது.

"அம்பத்தாறு."

சரத்குமார். அதட்டத்தான் மைக்கைத் திறந்திருக்கிறார், பாவம், வாய் முந்திக்கொண்டது. பிள்ளைகள் கிளுகிளுவென்று சிரித்தார்கள்.

"குட். உக்காருப்பா" என்றாள் ஜெயப்ரியா, பழக்கதோஷத்தில்.

"தேங்க்யூ மிஸ்" என்றார் அவரும்.

வகுப்பு முடிந்ததும் அவரே கூப்பிட்டார். "ரூல்னா ரூல்தான் மிஸ்" என்று ஆரம்பித்தவர் சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார். "நான் அய்யம்பேட்டையில படிச்சவன். எங்க மிஸ்ஸும் இப்டித்தான் பாதியில நிறுத்துவாங்க. உங்க கிளாஸுக்கு மைக் ஆன்லயே இருக்கட்டும். ஒண்ணாந்தேதியிலேர்ந்து வந்துடுங்க."

சாயங்காலம் மில்லிலிருந்து வந்த பாண்டியன், அரிசி டப்பா பக்கத்தில் அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். "இன்னாமா, ஆவலையா? போனா போவுது விடு, கடை இருக்குது" என்றான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பசங்க கத்தனாங்க" என்றாள். "நல்லா கத்தனாங்க."