பனி அளவுப் பட்டியல்

எங்கள் புத்தகக் கடையில், வேலை பார்ப்பவர்களே அட்டை எழுதுவோம். ஒரு புத்தகத்தை ஏன் வாசிக்க வேண்டும் என்று உள்ளங்கை அளவு அட்டையில் எழுதி, அதன் அருகே செருகி வைப்போம். கடையை ஒட்டிய மாட்சுமோட்டோ ரயில் நிலையத்துக்கு வருகிறவர்கள், வண்டி வரும் வரை அட்டைகளை வாசிப்பார்கள். சில சமயம் புத்தகமும் வாங்குவார்கள்.

நாவல் அலமாரி என்னுடன் வேலை பார்க்கும் மினெகிஷியுடையது. ரயில் வரலாறுகளும் பயண வழிகாட்டிகளும் என்னுடையவை. அவள் அட்டைக்கு முன்னால் ஆட்கள் நிற்பார்கள். என் அட்டைக்கு முன்னால் குடையை உதறுவார்கள்.

நவம்பர் முதல் வாரத்தில் முதலாளி ஷிமோதா வந்தார்.

"குவாபரா சான், உங்க அலமாரி தூங்குதே. இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா அங்க நோட்டு, பேனா அடுக்கிடலாம்னு இருக்கேன்."

சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார்.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. வியாழன் காலை வந்து பார்த்தால், மூடப்பட்ட ஒரு மலை ரயில் பாதையின் வரலாற்று நூலில் ஆறு பிரதிகள் இருந்த இடத்தில் இரண்டுதான் இருந்தன. என் அட்டையைக் காணோம். அதில் நான் எழுதியிருந்தது: 'தொடக்கம் முதல் மூடல் வரை முழுமையான பதிவு. அட்டவணைகளுடன்.' அந்த இடத்தில் மினெகிஷியின் கையெழுத்து.

'பக்கம் 212. நிலைய அதிகாரி தினமும் பனியின் உயரத்தைக் குறிக்கிறார். 41 செ.மீ. 57 செ.மீ. பிப்ரவரி ஒன்பதில் மட்டும்: "பெண். மூன்று கிலோ." மறுநாள் 60 செ.மீ. இதைப் படித்துக்கொண்டே இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.'

மூலையில் ஒரு குட்டி ரயில், புகையோடு.

அலமாரி பிழைக்கும் என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் புத்தகத்தை நான்கு முறை வாசித்தவன் நான். அட்டையை உருவி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மதியம் ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். "நேத்து இங்க ஒரு அட்டை பார்த்தேனே, பனியும் குழந்தையும்னு. வண்டிக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டேன். அந்தப் புத்தகம் இருக்கா?"

மினெகிஷி அட்டை இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். பிறகு அட்டையின் முனை தெரிந்த என் மேலங்கிப் பையைப் பார்த்தாள். புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

பின்னறையில் சோற்றுருண்டையைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "அட்டை எங்க போச்சுன்னு நான் கேக்க மாட்டேன்."

என் சோற்றுருண்டையை முழுதாகத் தின்று முடித்துவிட்டு, "நல்லா இருந்துச்சு. அதான் எடுத்தேன்" என்றேன்.

"அடேயப்பா! இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்?"

"நீங்க எப்ப அதைப் படிச்சீங்க?"

"நீங்க சொல்லித்தான். மார்ச்ல, இதே நாற்காலியில உக்காந்து, 'பனி எழுதற கட்டத்துல பிள்ளையை எழுதியிருக்கான்'னீங்க. அப்புறம் வாயே திறக்கல. ஒரு மனுஷனை இப்படி ஊமையாக்கிற புத்தகம் எதுடான்னு வாங்கிட்டுப் போனேன். அது ஏன் உங்க அட்டையில இல்ல?"

அட்டை புத்தகத்தைப் பற்றியது, என்னைப் பற்றியது அல்ல என்றே நினைத்திருந்தேன். ஆனால் நான் வாசித்த நாவல்களில் கதை மறந்துவிட்டது. ஒருத்தி பொத்தான் தைத்தபடி அழுகையை அடக்கியது மட்டும் மனதில் நிற்கிறது. எட்டு வருடப் பழைய பயண வழிகாட்டி ஒன்றை நான் வீட்டில் தூக்கி எறியாததும் ஒரு வரிக்காகத்தான். எழுதியவன் எழுதாமலே விட்டிருக்கக்கூடிய வரி. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அட்டையில் எழுதியது அவள்.

சாயங்காலம் அவள் அட்டையைத் திரும்பச் செருகினேன். அந்த வழிகாட்டியின் புதிய பதிப்பு அலமாரியில் இருந்தது. புரட்டினேன், வரி அப்படியே இருந்தது. புது அட்டை எழுதினேன்: 'பக்கம் 88. மலையடிவார விடுதி. "உரிமையாளர் மீன் பிடிக்கப் போகும் நாட்களில் விடுமுறை."'

மூலையில் ஒரு மீன் வரைந்தேன்.

மினெகிஷி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"வரி பிரமாதம், குவாபரா சான்" என்றாள். "செருப்பு எதுக்கு?"