கனகாம்பரம் வைத்திருப்பவள்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில், விக்கிரமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸில், என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணுடையது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். வெளியே கம்பத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். 'எங்கள் பத்தாம் வகுப்புத் தோழி வேம்பு' என்று கொட்டை எழுத்து, கீழே கைகூப்பிய வகுப்புத் தோழர்கள், நடுவில் தாவணி போட்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்த ஒரு பள்ளிக்கூடப் பெண். நான் பேனரைப் பார்த்தேன், பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன், மறுபடி பேனரைப் பார்த்தேன். வயது ஏறியிருந்தது, அவ்வளவுதான். அதே மோவாய்க் குழி.

"நீங்க நெனைக்கிறது சரிதாங்க," என்றாள். "அது நான்தான். செத்தவ வேற."

இப்படி ஒரு பேச்சு தானாக மடியில் வந்து விழுந்தால், எழுதுகிறவள் சும்மா இருப்பாளா? அவள் இறங்கும்வரை வாயைக் கிளறிக்கொண்டே வந்தேன்.

2

'மழை தூறிக்கொண்டிருந்தது. அம்சவள்ளியின் கண்களிலும்

இப்படித் தொடங்கி, அடித்துவிட்டேன். மழையும் இல்லை, தூறலும் இல்லை. சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதி மட்டும் இருந்தது. அம்சவள்ளி, அதுதான் பக்கத்துச் சீட்டுக்காரியின் பெயர், அழவும் இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் அவள். இத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் எதற்கெடுத்தாலும் கண்ணைக் கசக்க மாட்டாள்.

நடந்தது இதுதான். வேம்பு இறந்த செய்தி வந்ததும், பேனர் வைக்க வேண்டும் என்று வகுப்பு வாட்ஸப் குழுவில் முடிவானது. யாரிடமும் வேம்புவின் போட்டோ இல்லை. கிடைத்தது பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ ஒன்றுதான். குழுவை நடத்தும் சிங்காரவேலு அதில் ஒரு முகத்தை வட்டம் போட்டு, 'இதுதானே வேம்பு?' என்று கேட்டான். அதற்குள் பாதிப் பேர் கைகூப்பிய பொம்மைகளைப் போட்டுவிட்டார்கள். மீதிப் பேர் அதைப் பார்த்துத் தாங்களும் போட்டார்கள். அம்சவள்ளி அப்போது அடுப்படியில் இருந்தாள். போனை எடுத்துப் பார்த்தபோது பேனரே கட்டியாகிவிட்டது.

சிங்காரவேலுவைக் குறை சொல்ல முடியாது. வகுப்பில் தினமும் கனகாம்பரம் வைத்து வருகிறவள் வேம்பு ஒருத்திதான். அவள் வீட்டு வாசலில் அந்தச் செடி மண்டிக் கிடந்தது. போட்டோவில் கனகாம்பரம் வைத்திருப்பவள் யாரோ அவள்தான் வேம்பு என்று எல்லோருமே நினைத்தார்கள்.

"ஆயுசு கெட்டின்னு வச்சிக்க அம்சா," என்றானாம் போனில். வைத்துக்கொள்ளாமல் என்ன செய்வது?

2 (மறுபடியும்)

அந்தப் பூ அம்சவள்ளியின் தலைக்கு எப்படி வந்தது என்று சொல்லாமல் ஓடப் பார்த்தேன். எழுதினால் வேம்பு தெய்வமாகிவிடுவாளோ என்று பயம். முதலில் இப்படி எழுதியிருந்தேன்:

'வேம்பு தன் பூவை எடுத்துத் தோழியின் கூந்தலில் சூட்டினாள். அந்தப் புன்னகையில் உலகத்தின் அத்தனை

வேண்டாம். அம்சவள்ளி பஸ்ஸில் சொன்னதையே போட்டுவிடுகிறேன்.

"அவ ஒண்ணும் தியாகி இல்லங்க. நான் அன்னிக்கு வெறுந்தலையோட வந்துட்டேன். 'போட்டோவுக்கு இப்படியாடி நிப்ப'ன்னு திட்டிக்கிட்டே அவளே கழட்டி எனக்கு வச்சா. பாதியா நறுக்கலாம்டின்னேன். 'ரெண்டு பேருக்கும் பத்தாது, சும்மா இரு'ன்னா. அப்புறம் அன்னிக்குப் பூரா, எம்பூ பத்திரம், எம்பூ பத்திரம்னு உசுர வாங்கிட்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அன்னிக்குப் பூவ வாங்கிக்கிட்டேன். இப்ப அவ எடத்தையே வாங்கிக்கிட்டேனே."*

* அழவில்லை என்று மேலே எழுதினேன். அது இந்த இடம் வரைக்கும்தான்.

3

பேனர் என்றால் கழற்றி மடித்துப் போட்டுவிடலாம். சிக்கல் அதில் இல்லை. வேம்புவுக்கு அபிநயா என்று ஒரு மகள், பெரம்பலூரில் காலேஜ் படிக்கிறாள். அம்மாவின் போனிலிருந்து அவள் வகுப்புக் குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அம்சவள்ளி அதை என் காதருகே வைத்துப் போட்டுக் காட்டினாள்.

"எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அம்மாவோட ஸ்கூல் மொகத்த இப்பத்தாங்க பாக்குறேன். கூரை ஒழுகி பழைய போட்டோ எல்லாம் ஒட்டிப் போச்சின்னு அம்மா சொல்லும். கல்யாணத்துக்கு முந்தி எப்படி இருந்துச்சின்னு தெரியாமலே இருந்துச்சி. சின்ன வயசுல வேற மாதிரிதான் இருந்திருப்பான்னு அப்பா சொல்றாரு. அந்த மொகத்தப் பெருசு பண்ணி ஃப்ரேம் போட்டிருக்கோம். கருமாதிக்கு அதத்தான் வைக்கப்போறோம்."

அதற்குப் பிறகு குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சிங்காரவேலுதான் அம்சவள்ளியைக் கூப்பிட்டு, "நீ பக்குவமா சொல்லுவ, நீயே போயிட்டு வா," என்று தலையில் கட்டிவிட்டான்.

நாங்கள் பஸ்ஸில் போன அன்றைக்குத்தான் விக்கிரமங்கலத்தில், வேம்பு வீட்டில், கருமாதி. அவள் கைப்பையில் பழைய குரூப் போட்டோ இருந்தது. எடுத்துக் காட்டினாள். வரிசை வரிசையாகப் பிள்ளைகள், எல்லோரும் கேமராவையே பார்த்து விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை. பூ இல்லாத தலையோடு, பக்கத்தில் நிற்பவளின் பின்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அரை முகம்தான் தெரிகிறது, அதுவும் கொஞ்சம் கலங்கலாக.

"பூ சரியா இருக்கான்னு பாக்குறா," என்றாள் அம்சவள்ளி. "உள்ளதே இந்த அர மொகம்தாங்க. இதக் கொண்டுபோயிக் குடுத்தா, நல்லாத் தெரியிற மொகத்தப் புடுங்கிக்கிட்ட மாதிரி ஆவாதா? குடுக்காம வந்தா, அவ வூட்டுலயே அவ இல்லாம பூடுவாளே?"

கதை எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக் கேட்டாள், பாவம்.

5

(4 இல்லை. அதில் ஆஸ்பத்திரியும் வேம்புவின் கடைசி நாட்களும் இருந்தன. "அத எழுதாதீங்க, அவளுக்குப் புடிக்காது," என்று அம்சவள்ளி சொல்லியிருந்தாள். கிழித்துவிட்டேன்.)

விக்கிரமங்கலத்தில் அவள் இறங்கிப் போய்விட்டாள். நான் அதற்கு அப்பால் போகிறவள். ஆக, இனிமேல் வருவதெல்லாம் என் கற்பனை.

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். அபிநயா ஃப்ரேமைக் கழற்றுகிறாள். சுவரில் ஆணி மட்டும்... இல்லை, அந்த ஆணியைப் பார்க்க எனக்கே மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறாள். தன் முகத்துக்குத் தானே கும்பிடு போட்டுவிட்டு. இதை எழுதியபோது வேம்பு என்னை முறைத்தாள்.

மூன்றாவது இப்படி:

அம்சவள்ளி படி ஏறுகிறாள். உள்ளே படையல். ஃப்ரேமுக்குள் அவளுடைய பதினைந்து வயது முகம், மேலே மாலை. அபிநயா ஓடி வருகிறாள்.

"வாங்க ஆன்ட்டி."

"ஆன்ட்டி என்ன ஆன்ட்டி, பெரியம்மான்னு கூப்புடு. உங்கம்மாவுக்கு மூத்தவ நானு."

கைப்பையைத் திறந்து போட்டோவை நீட்டுகிறாள். அபிநயா போட்டோவைப் பார்க்கிறாள். அம்சவள்ளியின் முகத்தைப் பார்க்கிறாள், அந்த மோவாயைப் பார்க்கிறாள். மறுபடி போட்டோவைப் பார்க்கிறாள். பஸ்ஸில் நான் பார்த்த மாதிரியேதான்.

பிறகு அந்த அரை முகத்தின் மேல் விரலை வைக்கிறாள்.

"கேமராவப் பாக்காம, உங்களையே பாத்துகிட்டு நிக்குதே, இது யாரு பெரியம்மா?"

அம்சவள்ளியின் நம்பர் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டால் உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். நான் கூப்பிடவில்லை. அந்தப் பெண் கேட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கிறாள். நீங்களும் அந்த வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டீர்கள்.

நீங்களே சொல்லுங்கள், அது யார் என்று.